தாளுக்கு வைத்தியம் செய்யாதீர்கள்

சென்ற ஆவணியில் ஒரு புதன்கிழமை. என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டார்கள். தாலிச் செயினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தாள். சக்கர நாற்காலி வரவில்லை. கையில் ஒரு தாளோடு நர்ஸம்மா வந்தார்.

“யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்கு சார். இன்ஃபெக்‌ஷன் இருக்கு. இன்னிக்கு ஆபரேஷன் இல்லைன்னு டாக்டர் சொல்லச் சொன்னார்.”

“எனக்கு எரிச்சல் இல்லையேம்மா, ஜுரமும் இல்லையே” என்றாள் என் மனைவி.

“உங்களுக்குத் தெரியாதும்மா. ரிப்போர்ட்ல தெரியுது.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிரானது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். செங்கல்பட்டில் காலை நடைக்கு வரும் நண்பர்களிடமும், பென்ஷன்தாரர் கூட்டங்களிலும், இதே கதையை வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறேன். அதனால் இது ஓர் ஆஸ்பத்திரியின் தவறு இல்லை. ஒரு பழக்கத்தின் தவறு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஏழு நாள் மாத்திரை. மறுபடி சோதனை, வேறொரு கிருமி என்று வந்தது. மறுபடி மாத்திரை. மூன்றாவது தாளில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, பெரும்பாலானவற்றுக்கு நேரே ‘ஆர்’ என்ற எழுத்து. இந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம். மாத்திரை போய் ஊசி வந்தது. காலையும் மாலையும் ஒரு வாரம், கையில் ஊசிக்குழாய் குத்தியபடி. அதற்குள் வயிறு கெட்டு, நாளுக்கு எட்டு முறை கழிப்பறைக்குப் போக வேண்டிய நிலை. முழங்கால் மடங்காதவளுக்கு எட்டு முறை என்றால் என்னவென்று முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் இரவு அந்த வழியிலேயே விழுந்தாள். எலும்பு முறியவில்லை, பகவான் புண்ணியம்.

இப்படி நான்கு மாதம் போயிற்று. இந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அவளுக்குச் சிறுநீர் எரிச்சல் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் முழங்கால் வலி. அதற்குத்தான் வைத்தியம் நடக்கவில்லை.

முதலில் டாக்டர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். செயற்கை மூட்டு என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதற்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஒரு கிருமி அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டால், பாசி படிந்தாற்போல் ஒரு படலத்தைப் பரப்பி அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. பல நேரங்களில் மூட்டையே கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி வேறு மூட்டு வைக்க வேண்டிவரும். நூற்றில் ஒருவர் இருவருக்கு வருவதுதான் என்றாலும், வந்தவருக்கு அது நூற்றுக்கு நூறு. ஆகவே ஓர் எலும்பு டாக்டர் கிருமி என்றதும் பயப்படுவது சரியே.

ஆனால் பயம் சரியாக இருந்தால் போதாது. பயப்படுகிற இடமும் சரியாக இருக்க வேண்டும்.

வயதானவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது நரை முடி போன்ற விஷயம். வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினாறு பேர் வரை, எந்தத் தொந்தரவும் இல்லாமலே, சோதித்தால் கிருமி காட்டுவார்கள். சர்க்கரை உள்ள பெண்களிடம் இது இன்னும் அதிகம். ஆண்களும் எழுபத்தைந்தைத் தாண்டினால் தப்புவதில்லை. எரிச்சல் இல்லை, ஜுரம் இல்லை, அடிக்கடி போக வேண்டிய அவசரம் இல்லை, விலாப்பக்கம் வலி இல்லை. ஆனால் தாளில் கிருமி. இதற்குப் பெயர் நோய் அல்ல.

நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் ‘கொலொனிசாசியோன் உரினேர்’. தொற்று என்று சொல்வதில்லை, குடியேற்றம் என்கிறார்கள். குடியேற்றம் என்ற சொல் எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல். வந்து உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் அன்றே சண்டைக்கு நிற்பவர் அல்லர் என்பதும் தெரியும். சண்டை நடந்தால்தான் அது தொற்று.

“சரி, சும்மா உட்கார்ந்திருக்கும் கிருமியே நாளைக்கு மூட்டுக்குப் போய்விட்டால்?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போர்ச்சுகல், ஸ்பெயின், இங்கிலாந்து நாடுகளின் மருத்துவமனைகளில் மூட்டு மாற்றிக்கொண்ட 2497 பேரை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத் தொந்தரவில்லாத கிருமி இருந்தது. அவர்களுக்கு மூட்டுத் தொற்று 4.3 சதவீதம், கிருமி இல்லாதவர்களுக்கு 1.4 சதவீதம்.

இதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்கள், “பார்த்தீர்களா, மூன்று மடங்கு!” என்பார்கள். அடுத்த இரண்டு வரிகளையும் படிக்க வேண்டும். ஒன்று, மூட்டில் வளர்ந்த கிருமி சிறுநீரில் இருந்த கிருமியே இல்லை. இரண்டு, முன்கூட்டியே மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சுத்தம் செய்தவர்களுக்கும், கொடுக்காமல் விட்டவர்களுக்கும் மூட்டுத் தொற்றில் வித்தியாசம் இல்லை. அதாவது சிறுநீர்க் கிருமி அந்த உடம்பு தளர்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். மூட்டுக் கெடுவதற்குக் காரணம் அல்ல. ஓட்டைக் குடையை வைத்திருப்பவர் அதிகம் நனைகிறார் என்பதற்காகக் குடைக்குச் சாயம் பூசி என்ன பயன்?

கனடாவின் டொரோண்டோவில் ஒரு பெரிய மூட்டு அறுவை மையத்துக்கு வேலை செய்த ஆய்வகம், அறுவைக்கு முன் வழக்கமாக வரும் சிறுநீர்ப் புட்டிகளை, டாக்டர் தனியாகக் கேட்டால் ஒழியப் பரிசோதிப்பதில்லை என்று நிறுத்தியது. மூட்டுத் தொற்றில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2017-ல் எழுதினார்கள். 2019-ல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: சிறுநீர்ப் பாதை சம்பந்தப்படாத அறுவை சிகிச்சைக்கு முன், தொந்தரவு இல்லாதவர்களிடம் இந்தக் கிருமியைத் தேடவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையிலேயே அறுவை செய்துகொள்பவர்களும் விதிவிலக்கு. முழங்கால் அந்த விதிவிலக்கில் இல்லை.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் கணக்கு” என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு நம் ஊர்க் கணக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன். உலக மருத்துவப் புத்தகங்களில் ‘செங்கல்பட்டு’ என்ற பெயர் எதற்காக இருக்கிறது தெரியுமா? 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. ஒரு பகுதியினருக்கு மருந்து, இன்னொரு பகுதியினருக்கு வெறும் நீர். உலகமே காசநோயைத் தடுக்கும் என்று நம்பிய ஊசி, பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவில்லை என்று ஏழரை வருஷக் கணக்கு காட்டியது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசம் போன்ற கடுமையான வகைகளுக்கு அது உதவுவதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம், அது வேறு. நான் சொல்ல வருவது, எல்லாரும் நம்புகிறார்கள் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த மண் இது. இந்த மண்ணிலேயே சோதித்துத் தோற்றுப்போன ஒரு வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

“மருந்துதானே, கொடுத்தால் என்ன நஷ்டம்?” என்பது அடுத்த கேள்வி. நஷ்டம் உண்டு.

சிறுநீர்க் கிருமிக்கு வழக்கமாக எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஒன்று. இவை தசைநாண்களை, முக்கியமாக நாம் குதிகால் நரம்பு என்று சொல்கிறோமே அதை, அறுந்துபோகச் செய்யக்கூடும்; அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அபாயம் அதிகம் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டி எச்சரித்தது. புது மூட்டு வைத்து நடை பழகப்போகிற கிழவிக்கு, இல்லாத நோய்க்காக, குதிகாலைக் கெடுக்கக்கூடிய மாத்திரை! இதைவிட வேடிக்கை வேண்டுமா?

இன்னொரு நஷ்டம் நம் எல்லாருக்கும் பொது. மருந்துக்கு அடங்காத கிருமி என்று பேப்பரில் படிக்கிறோமே, என்.டி.எம்.-1 என்று பெயர் வாங்கிய அந்தச் சங்கதி முதலில் எங்கே அகப்பட்டது? டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நோயாளியின் சிறுநீரில், 2008-ல். 2010-ல் வந்த பெரிய ஆய்வில் சென்னையில் கிடைத்த கிருமிகளும் இருந்தன. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. தேவையில்லாத ஒவ்வொரு கோர்ஸும் கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி. என் மனைவியின் மூன்றாவது தாளில் நின்ற ‘ஆர்’களை யார் எழுத வைத்தார்கள்? முதல் இரண்டு கோர்ஸ்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் சந்தேகம்.

அந்தத் தாள்தான் எவ்வளவு நம்பகமானது? சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா காலையில் சிறுநீரைப் பிடித்து, புட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பேரனிடம் கொடுத்தனுப்புவாள். அவன் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ஆய்வகம் திறக்கக் காத்திருந்து கொடுக்கும்போது இரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும். சித்திரை வெயில். ஈ.கோலை என்ற கிருமி, சூடும் சூழலும் தோதாக அமைந்தால், இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நான்கு. ‘லட்சம் காலனி’ என்று தாளில் வந்தது அக்காவின் உடம்பில் இருந்ததா, பஸ்ஸில் பிறந்ததா? கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், உடனே கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

இப்போது உண்மையான அபாயத்துக்கு வருகிறேன். இத்தனை கெடுபிடி செய்து சிறுநீரைச் சுத்தமாக்கிய பிறகு, அறுவையன்று என்ன செய்கிறார்கள்? சிறுநீர்ப் பைக்குள் ஒரு ரப்பர் குழாயைச் செருகுகிறார்கள். முதுகில் மயக்க ஊசி போட்டால் சிறிது நேரம் சிறுநீர் கழிக்க முடியாது. ஆண்களுக்குப் புரோஸ்டேட் வேறு. அதனால் சிலருக்குக் குழாய் தேவைதான். ஆனால் அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஏழு என்பது பல காலமாக அறிந்த கணக்கு. தேவை முடிந்ததும், கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள், எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்தக் குழாயை ஐந்தாம் நாள்தான் எடுத்தார்கள். ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “எடுக்கச் சொல்லி யாரும் எழுதலை சார்” என்று பதில் வந்ததாம். எழுந்து நடந்துகொண்டிருந்த மனிதர், ஒரு கையில் வாக்கரும் மறு கையில் மூத்திரப் பையுமாக. ஆறாம் நாள் குளிர் ஜுரம். அறுவைக்கு முன் அவருடைய சிறுநீரை மூன்று முறை சோதித்தவர்கள், அறுவைக்குப் பின் ஒரு முறை அந்தப் பையை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்று இதைவிட மோசம். மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிற்பி. நாற்பது வருஷம் குந்தி உட்கார்ந்து கல் செதுக்கிய முழங்கால். இரண்டு முறை ‘ரிப்போர்ட் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மூன்றாவது முறை நாள் குறித்தபோது அவருக்கு நிஜமாகவே எரிச்சல் வந்துவிட்டது. இரவில் நாலைந்து முறை எழுந்தார். வாய் திறக்கவில்லை. “சொன்னா மறுபடி தள்ளிப் போட்டுடுவாங்க சார். பார்லித் தண்ணி குடிச்சிட்டுப் பேசாம போயிட்டேன்” என்றார். அறுவை முடிந்த மூன்றாம் நாள் நடுக்கத்தோடு ஜுரம். மூட்டு தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

இதுதான் இந்தப் பழக்கத்தின் கடைசி விளைவு. நோய் இல்லாதவளை நோயாளி ஆக்குகிறது. நோய் இருப்பவனைப் பொய் சொல்ல வைக்கிறது. தாளை நம்பி மனிதனைக் கேட்காமல் விட்டால், மனிதனும் தாளைத்தான் ஏமாற்றப் பார்ப்பான்.

பிறகு ஏன் இந்தப் பழக்கம் போகவில்லை? இதற்கு எனக்கு நன்றாகப் பதில் தெரியும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவன். ஒரு விண்ணப்பம் வந்தால், தேவையோ இல்லையோ, ‘கீழ்க்கண்ட சான்றும் இணைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். விண்ணப்பதாரருக்கு அதனால் நன்மை இல்லை. நாளைக்குத் தணிக்கை ஆட்சேபணை வந்தால் நமக்குப் பாதுகாப்பு. “கோப்பில் ஒரு காகிதம் இருக்கட்டும்.” அந்தக் காகிதத்துக்காக அலைந்தவர்களின் முகங்கள் இப்போது எனக்கு ஞாபகம் வருகின்றன. சிறுநீர்ச் சோதனையும் அப்படி ஒரு தடையின்மைச் சான்று ஆகிவிட்டது. நாளைக்கு மூட்டுக் கெட்டால், “நான் சோதித்தேனே” என்று காட்ட ஒரு தாள். குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அதே ஜாதி.

ஆனால் மேலிருந்து ஓர் ஆணை வந்தால் கீழே உள்ளவன் துணிந்து கையெழுத்துப் போடுவான் என்பதும் எனக்குத் தெரியும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஒரே ஆணையில் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. பலருக்கும் வைக்கும் கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், வரி தனி. நாடெங்கும் விலை இறங்கியது. விலைக்கு ஆணை போட முடிந்தவர்களுக்கு, ‘தொந்தரவு இல்லாதவருக்குச் சிறுநீர்க் கல்ச்சர் வேண்டாம், குழாயை மறுநாளே எடு’ என்று ஒரு பக்க நெறிமுறை போட முடியாதா? நம் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே மூட்டு மாற்றும் காலம் இது. அங்கிருந்து தொடங்கட்டும். அரசு செய்தால் தனியாரும் பின்னால் வருவார்கள்.

அதுவரை, முழங்காலுக்கு நாள் குறித்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்வி கேளுங்கள். “எனக்கு எரிச்சலும் ஜுரமும் இல்லை, ஆனாலும் இந்த மருந்து எதற்கு?” என்று கேளுங்கள். எரிச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். நிஜத் தொற்றைக் குணப்படுத்திய பிறகே அறுவைக்குப் போக வேண்டும், அதற்காகத் தள்ளிப்போட்டால் அது நியாயமான தள்ளல். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். காலில் புண், பித்தவெடிப்பு, பல்லில் சீழ் இருந்தால் முன்பே சொல்லுங்கள். முந்தின நாள் சவரக் கத்தியால் காலை மழிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கீறல்களே கிருமிக்கு வாசல் என்பதால் மழிக்கக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லியிருக்கிறது. கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஊசி முக்கியம். அது போட்டாயிற்றா என்று கேளுங்கள். கண் விழித்ததும், “குழாய் இருக்கிறதா, எப்போது எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். மூத்திரப் பை தரையில் கிடக்கக் கூடாது, இடுப்புக்கு மேலேயும் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு எந்த வருஷமானாலும் எரிச்சலோடு ஜுரம் வந்தால், அன்றே வைத்தியரைப் பாருங்கள், மூட்டு வைத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

என் மனைவிக்குத் தை மாதம் வேறொரு டாக்டர் வலது முழங்காலை மாற்றினார். பழைய தாள்களை எல்லாம் கட்டாக எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் கட்டைப் பிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, “அம்மா, ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “ராத்திரி ஜுரம்?” இல்லை. “அப்ப அடுத்த வாரம் வாங்க” என்றார். நான்கு மாதம் அலைந்த விஷயம் இரண்டு கேள்வியில் முடிந்தது. மறுநாள் காலையே குழாயை எடுத்துவிட்டார்கள்.

இப்போது வீட்டுக்குள் வாக்கர் இல்லாமல் நடக்கிறாள். திருக்கழுக்குன்றத்து மலைப்படிகள் ஐந்நூற்றுச் சொச்சம்; அது நடக்காது என்று அவளுக்கே தெரியும். கீழே இருக்கிற பக்தவத்சலேஸ்வரர் போதும் என்கிறாள்.

இடது முழங்காலுக்கு அடுத்த மாதம் நாள். அந்த டாக்டர் வெளியூர் போயிருந்ததால், உதவியாளர் அச்சடித்த சோதனைச் சீட்டைக் கொடுத்தார். அதில் ஒன்பதாவது வரி யூரின் கல்ச்சர், டிக் அடித்திருந்தது.

“இது எதற்கம்மா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் எடுக்கிறதுதான் சார், ஃபைலுக்கு” என்றார் அந்தப் பெண்.

சீட்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டாக்டர் வருகிறார். அவரே ஒன்பதாவது வரியை அடித்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த அறையை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.